இழைத்தால்தான் ஃபின்

அலைச்சறுக்குப் பலகை வாங்க வருகிறவர்கள் நீளம் கேட்பார்கள், அகலம் கேட்பார்கள், கனஅளவு எத்தனை லிட்டர் என்று கேட்பார்கள். பலகையைத் திருப்பிப் போட்டு அடிப்பக்கம் காட்டினால் ஒரே கேள்விதான்: வாலடியில் மீன் துடுப்பு போல நிற்கும் தகடு, அதாவது ஃபின், எத்தனை? ஒன்றா, இரண்டா, மூன்றா, நான்கா? கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் வடிவத்தையும் பார்ப்பார்கள். எவ்வளவு உயரம், எவ்வளவு பின்னால் சாய்ந்திருக்கிறது என்று. இந்த இரண்டும் கரையில் நின்றாலே தெரிகிற சங்கதிகள். தண்ணீருக்குள் ஃபின் எப்படி நடந்துகொள்ளும் என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது மூன்றாவதாக ஒன்று. முன் விளிம்பிலிருந்து பின் விளிம்பு வரைக்கும், அடியிலிருந்து நுனி வரைக்கும் அதன் தடிமன் எப்படி ஏறி எப்படி இறங்குகிறது என்பது. ஃபாயில் என்பார்கள். படம் பிடித்தால் தெரியாது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து மெதுவாக இழுத்துப் பார்த்தால் தெரியும்.

நான் குடியிருப்பது சிட்னியின் வடக்குக் கடற்கரைப் பக்கம். ப்ரூக்வேல் தொழிற்பேட்டை அருகில். 1960-களில் ஆஸ்திரேலியாவின் பலகைத் தொழிலுக்கு இந்த இடம்தான் தலைநகரம். பேரி பென்னெட், கோர்டன் வுட்ஸ், பில் வாலஸ், ஸ்காட் டில்லன், கிரெக் மெக்டொனா, டென்னி கியோ என்ற ஆறு பேரையும் சேர்த்து ‘ப்ரூக்வேல் ஆறு’ என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். பட்டறைகள் இருந்த தெருக்களில் இப்போது காபிக் கடைகளும் பியர் காய்ச்சும் இடங்களும் வந்துவிட்டன. மிச்சம் இருக்கிற ஒரு கொட்டகையில் ஃபின் இழைக்கும் பெரியவர் ஒருவரிடம் சனிக்கிழமைகளில் போய் நிற்கத் தொடங்கினேன். முதலில் தரை கூட்டினேன், பிறகு உப்புத்தாள் பிடித்தேன், இப்போது ஒரு ஃபின்னை ஆரம்பம் முதல் முடிவு வரை என் கையில் விடுகிறார். அங்கே கற்றதையும், அதனால் தேடிப் படித்ததையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

ப்ரூக்வேலுக்குத் தென்கிழக்கே ஃப்ரெஷ்வாட்டர் கடற்கரை. ஹவாயின் டியூக் கஹானமோக்கு 1914-15 கோடையில் இங்கே வந்து, இங்கே வாங்கிய பைன் மரத்தில் தானே ஒரு பலகை செதுக்கி அலையேறிக் காட்டினார். அந்தப் பலகையை ஃப்ரெஷ்வாட்டர் உயிர்காப்புக் கழகத்தில் இன்னும் வைத்துக் காக்கிறார்கள். கனமான ஒரே மரம். அடிப்பக்கத்தில் ஒன்றுமே கிடையாது, மொட்டை. அதில் திரும்ப வேண்டுமென்றால் உடம்பைச் சாய்க்க வேண்டும், பின்காலைத் தண்ணீரில் இறக்கி இழுக்க வேண்டும். அலை செங்குத்தாக எழுந்தால் வால் பிடிப்பில்லாமல் வழுக்கிக்கொண்டு கீழே போய்விடும். ஹவாய்க்காரர்கள் இதற்கு ‘ஸ்லைட் ஆஸ்’ என்று பச்சையாகவே பெயர் வைத்திருந்தார்கள்.

வழுக்கலுக்கு 1930-களின் ஹவாயில் இரண்டு விடைகள் கிடைத்தன. 1935-இல் டாம் பிளேக், யாரோ கைவிட்ட ஒரு வேகப் படகிலிருந்து உலோகக் கீல் (படகின் அடியில் நீளவாக்கில் நிற்கும் தகடு) ஒன்றை எடுத்துத் தன் பலகையின் வாலில் பொருத்தினார். ஏறக்குறைய ஓர் அடி நீளம், 4 அங்குல ஆழம். பலகை ஃபின்னின் சரித்திரம் அங்கேதான் தொடங்குகிறது. இரண்டு வருடம் கழித்து வாலி ஃப்ரைசெத், ஜான் கெல்லி, ஃப்ரான் ஹீத் என்ற இளைஞர்கள் வேறு வழியில் போனார்கள். கெல்லி கோடரியை எடுத்து ஒரு பலகையின் வாலை இரண்டு பக்கமும் வெட்டிக் குறுக்கினார். அடிப்பக்கம் ஆங்கில வி எழுத்துப் போல ஆனது. அந்த வால் அலைக்குள் அமிழ்ந்து பிடித்துக்கொண்டது. ‘ஹாட் கர்ல்’ என்று பெயர் பெற்ற அந்தப் பலகைகள் எனக்கு மிகவும் பிடிக்கும். தனியாக ஒரு உறுப்பை ஒட்டாமல், பலகையையே ஃபின்னாகச் செதுக்கிய யோசனை அது. ஆனால் வென்றது பிளேக்கின் கீல்தான்.

உடனே வென்றுவிடவில்லை. ஆஸ்திரேலியாவில் 1950-களின் நடுவிலும் நீண்ட, உள்ளே கூடான மரப் பலகைகளில்தான் ஏறிக்கொண்டிருந்தார்கள். மெல்போர்ன் ஒலிம்பிக் நடந்த 1956-இல், அமெரிக்க உயிர்காப்பாளர்கள் சிலர் கலிபோர்னியாவின் மலிபு பலகைகளைக் கொண்டுவந்து சிட்னியின் ஏவலான் உள்ளிட்ட கடற்கரைகளில் ஓட்டிக் காட்டினார்கள். பால்சா மரம், மேலே ஃபைபர் கிளாஸ், வாலில் ஃபின். அலையின் முகத்தில் குறுக்கே ஓடி, திரும்பி, மறுபடி திரும்பினார்கள். அதைப் பார்த்தபின் இங்கே யாரும் பழைய பலகைக்குப் போகவில்லை.

அந்தக் காலத்து ஃபின்னைப் பெரியவர் ஆணியில் மாட்டி வைத்திருக்கிறார். ஆங்கில D எழுத்தைப் படுக்கவைத்தது மாதிரி அரைவட்டம். அடி அகலம் மிக அதிகம், கெட்டியான மரம், ஓரங்களை மட்டும் லேசாக உருட்டியிருக்கிறார்கள். நடுவிலிருந்து பின்னால் வரைக்கும் ஒரே தடிமன். வால் வழுக்காமல் பிடித்து வைக்க இது போதும். ஆனால் அதற்கு மேல் எதுவும் தராது. பலகையைத் திருப்பினால் திரும்பவிடாமல் எதிர்க்கும். திருப்பத்திலிருந்து வெளியே வரும்போது வேகம் செத்துப்போயிருக்கும். பிளேக்கின் கீல் முதல் இந்த அரைவட்டம் வரை, முப்பது வருடம், ஃபின் என்றால் வழுக்கலைத் தடுக்கும் ஒரு தகடு என்றே நினைத்தார்கள்.

இதை மாற்றியவர் ஜார்ஜ் கிரீனோ. கலிபோர்னியாவின் சான்டா பார்பரா ஊர்க்காரர். நின்று ஓட்டுவதில் அவருக்கு நாட்டமில்லை. முழங்காலில் உட்கார்ந்து ஓட்டும் சின்னப் பலகையும் காற்றடைத்த மெத்தையும்தான் அவருடைய வாகனங்கள். முழங்காலில் இருப்பவருக்கு உடம்பு தண்ணீருக்குப் பக்கத்தில் இருக்கிறது. வேகம், அதிர்வு, பிடிப்பு எல்லாம் நேரடியாக எலும்பில் ஏறும். சூரை மாதிரி வேகமாக நீந்தும் மீன்களின் துடுப்புகளைப் பார்த்து, அடி குறுகி, உயர்ந்து, பின்னால் வளைந்து, நுனி மெலிந்த ஃபின்களை ஃபைபர் கிளாஸில் செய்தார். பரப்பு பாதிக்குப் பாதி குறைந்தது. அடியில் தடித்து விறைப்பாக இருக்கும் ஃபின், நுனிக்குப் போகப் போக மெலிந்து வளைந்து கொடுத்தது.

1960-களின் நடுவில் அவர் ஆஸ்திரேலியா வந்தார். பலகை செதுக்கும் பாப் மெக்டாவிஷ், அலையேறி நாட் யங் முதலியவர்களோடு பழக்கமானார். 1966-இல் சான் டியாகோவில் நடந்த உலகப் போட்டிக்கு நாட் யங் கொண்டுபோன பலகைக்கு ‘சாம்’ என்று பெயர். 9 அடி 4 அங்குலம், அக்கால வழக்கத்தைவிட மெலிந்தது, வாலில் கிரீனோ பாணி ஃபின். பலகையின் மூக்கில் போய் நிற்பதுதான் அழகு என்றிருந்த காலம் அது. நாட் யங் அலையின் முகத்தில் மேலும் கீழுமாகத் திருப்பித் திருப்பி ஓட்டி உலகப் பட்டத்தை வாங்கினார். அடுத்த இரண்டு மூன்று வருடங்களில் பலகைகள் 9 அடியிலிருந்து 7 அடிக்கும் கீழே சுருங்கிய கதை எல்லாருக்கும் தெரியும். அந்தச் சுருக்கத்துக்கு வழி திறந்ததில் ஃபின்னின் பங்கைப் பலர் சொல்வதில்லை. எனக்கு அது மனக்குறை.

அந்த ஃபின் என்ன செய்தது? பலகை திரும்பும்போது வால் கொஞ்சம் வெளிப்பக்கம் விலகுகிறது. அப்போது தண்ணீர் ஃபின்னை நேர் எதிரே சந்திக்காமல் சற்றுச் சாய்வாகச் சந்திக்கிறது. சரியாக இழைத்த ஃபின்னாக இருந்தால், திருப்பத்தின் உள்பக்கத்து முகத்தில் தண்ணீர் ஒட்டியபடி வேகமெடுத்து ஓடும், அங்கே அழுத்தம் குறையும், மறு முகத்தில் கூடும். இரண்டும் சேர்ந்து ஃபின்னைத் திருப்பத்தின் பக்கமாக இழுக்கும். விமானச் சிறகை மேலே தூக்குகிற விசை இதுதான், இங்கே பக்கவாட்டில் வேலை செய்கிறது. தண்ணீர் காற்றைவிட 800 மடங்குக்கு மேல் அடர்த்தி. அதனால் உள்ளங்கை அளவு ஃபின்னே ஒரு ஆளையும் பலகையையும் வளைத்துத் திருப்பப் போதும். சாய்வு ஓர் அளவைத் தாண்டினால் தண்ணீர் அந்த முகத்தைவிட்டுப் பிரிந்து சுழலாகிவிடும். பிடிப்பு திடீரென்று போகும். பிரியாமல் எவ்வளவு தூரம் தாங்கும் என்பது தடிமன் ஏறி இறங்கும் விதத்தில்தான் இருக்கிறது.

புதிதாக வருகிறவர்கள் முன் விளிம்பைக் கத்தி மாதிரி கூர்மையாக்கப் பார்ப்பார்கள். தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகட்டும் என்று. அது தப்பு. கூரான முன் விளிம்பில் நேரே வரும் தண்ணீர் நன்றாகப் போகும், சற்றே சாய்ந்து வந்தாலும் அங்கேயே பிரிந்துவிடும். அலையில் நேரே போவது கொஞ்ச நேரம், மீதியெல்லாம் திருப்பம். ஆகவே முன் விளிம்பு சின்ன உருண்டையாக இருக்க வேண்டும். அங்கிருந்து தடிமன் சீக்கிரம் ஏறி, முன்னிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் உச்சம் தொட்டு, பிறகு நீளமாக, அவசரமில்லாமல் பின் விளிம்புக்கு இறங்க வேண்டும். சொல்லிவிட்டேன், ஒரே வாக்கியம். கையில் வருவதற்குத்தான் காலம் பிடிக்கிறது.

வேலையை வரிசையாகச் சொல்கிறேன். கண்ணாடி மேசைமேல் மெழுகு பூசி, வெட்டி வைத்த ஃபைபர் கிளாஸ் துணிகளை ஒவ்வொன்றாக விரித்து, இறுகிக் கெட்டியாகும் ரெசின் பிசினை ஊற்றி, ரோலரால் காற்றுக்குமிழி போக உருட்டுவோம். நீளப் பலகைக்கான பெரிய ஒற்றை ஃபின் என்றால் 9, 10 மில்லிமீட்டர் தடிமன் வேண்டும். துணியின் கனத்தைப் பொறுத்து முப்பதிலிருந்து ஐம்பது அடுக்கு வரை போகும். வெள்ளைத் துணி ரெசின் குடித்ததும் கண்ணாடியாகிவிடும். வோலன் என்ற பழைய ரகத் துணியாக இருந்தால் இளம்பச்சை அடிக்கும். எல்லா அடுக்கையும் ஒரே மூச்சில் போட்டால் ரெசின் இறுகும்போது சூடு ஏறிப் பாளம் கோணிக்கொள்ளும், சமயத்தில் வெடித்தும் விடும். கொஞ்சம் போட்டு, ஆறவிட்டு, மறுபடி போட வேண்டும். பெரியவர் அந்த இடைவெளியில் டீ போடுவார்.

மறுநாள் பாளத்தைப் பெயர்த்தெடுத்து, அச்சு வைத்துப் பென்சிலால் கோடு இழுத்து, ஜிக்சாவால் அறுப்போம். கையில் இருப்பது இப்போது ஃபின் வடிவத்தில் ஒரு தட்டையான தகடு. விளிம்பைச் சுற்றி நட்டநடுவில் ஒரு கோடு போட்டுக்கொள்வோம். பிறகு கிரைண்டரில் 40-ஆம் நம்பர் தாள். இங்கேதான் எனக்குப் பிடித்த விஷயம் நடக்கிறது. பாளத்தைச் சாய்வாக இழைக்க இழைக்க, ஒவ்வொரு துணி அடுக்கும் வெட்டுப்பட்டு மேலே ஒரு கோடாகத் தெரியும். மலைப்பகுதி வரைபடத்தில் உயரத்தைக் காட்ட வரைந்திருக்கும் வளையங்கள் மாதிரி, முகம் முழுக்கக் கோடு கோடாக வளைந்து போகும். கோடுகள் நெருங்கியிருந்தால் சரிவு கடுமை. விலகியிருந்தால் மெதுவான இறக்கம். ஒரு கோடு நெளிந்தால் அந்த இடத்தில் பள்ளம் விழுந்திருக்கிறது. விரலுக்குத் தெரியாத பள்ளத்தையும் கோடு காட்டிக்கொடுக்கும். நடு ஃபின் என்றால் இரண்டு முகத்துக் கோடுகளும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும். இல்லையென்றால் பலகை நேரே ஓடும்போதே ஒரு பக்கம் இழுக்கும்.

அளவுமானி வைத்து அளக்கலாம். பெரியவரும் கடைசியில் அளப்பார். ஆனால் இழைக்கும்போது அவர் பார்ப்பது கோடுகளைத்தான். கிரைண்டரை நிறுத்தி, துணியால் தூசியைத் துடைத்து, ஈரக் கையால் ஒருமுறை தடவுவார். ஈரம் பட்டதும் கோடுகள் பளிச்சென்று எழும். ஜன்னல் பக்கம் திருப்பி நுனியிலிருந்து அடி வரை பார்வையை ஓட்டுவார். பிறகு அவர் கை போகிற இடம் நான் எதிர்பார்த்த இடமாகப் பெரும்பாலும் இருக்காது.

நுனியில் இன்னும் கவனம் தேவை. வளைந்துகொடுக்கும் தன்மை தடிமனின் கனமடியைப் பொறுத்தது. தடிமனைப் பாதியாக்கினால் விறைப்பு பாதியாகாது, எட்டில் ஒரு பங்காகும். 3 மில்லிமீட்டர் இருந்த இடத்தை 2.5 ஆக்கினால் விறைப்பில் நாற்பது சதவீதத்துக்கு மேல் போய்விடும். அரை மில்லிமீட்டர் என்பது கிரைண்டருக்கு இரண்டு வீச்சு. அதனால் நுனிப்பக்கம் கிரைண்டரை வைத்துவிட்டுக் கையால்தான் தேய்ப்போம், மரக்கட்டையில் சுற்றிய உப்புத்தாளால். நுனி வளைந்து, திருப்பம் முடிகிற நேரத்தில் திரும்பி நேராகும்போது ஓர் உந்துதல் தரும். கிரீனோ ஃபின்னை ஓட்டுகிறவர்கள் விட மனமில்லாமல் பேசுவது இந்த உந்துதலைத்தான். நுனி அளவுக்கு மேல் மெலிந்தால் வளைவதோடு முறுக்கவும் செய்யும். முறுக்கினால் பிடிப்பு போச்சு.

120, 220, 400 என்று தாள் ஏறும். கடைசி நம்பர்களில் வாட்டர் பேப்பர். பிறகு மேலே மெல்லிய ரெசின் பூச்சு, மறுபடி தேய்ப்பு. தூசியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கண்ணாடி இழைத் தூள் முழங்கை மடிப்பில், கழுத்தில், சட்டைக் காலரில் ஏறி இரண்டு நாள் அரிக்கும். முகமூடி இல்லாமல் கிரைண்டரைத் தொட அவர் விடுவதில்லை. முதலில் குளிர்ந்த தண்ணீரில் கழுவு, சுடுதண்ணீரில் கை வைக்காதே என்பார்.

பின் விளிம்புக்குத் தனியாக ஒரு பாடம் உண்டு. வேகமாக ஓடும்போது பலகைக்கு அடியிலிருந்து ‘ம்ம்ம்’ என்று ஒரு ரீங்காரம் வருவதைப் பலர் கேட்டிருப்பார்கள். பின் விளிம்பு மொண்ணையாக இருந்தால் தண்ணீர் அங்கே விட்டுப் பிரியும்போது இடமும் வலமுமாக மாறி மாறிச் சுழல்கள் கழலும். அந்தத் தாளமும் ஃபின்னின் இயல்பான அதிர்வும் ஒத்துப்போனால் ஃபின் பாட ஆரம்பிக்கும். சிலர் அதை வேகத்தின் சத்தம் என்று ரசிக்கிறார்கள். உண்மையில் அது வேகம் வீணாகிற சத்தம். பின் விளிம்பை ஒரு முகத்தில் மட்டும் சற்றே சாய்வாகத் தேய்த்தால், இரு பக்கத்துச் சுழலும் ஒரே மாதிரி பிறக்காது, ரீங்காரம் பெரும்பாலும் அடங்கிவிடும். கடையில் வாங்கிய ஃபின்னிலும் நீங்களே செய்யலாம். 220 தாளும் பத்து நிமிடமும் போதும்.

இனி எண்ணிக்கைக்கு வருகிறேன். இரண்டு ஃபின் யோசனை பழையது. கலிபோர்னியாவின் பாப் சிம்மன்ஸ் 1940-களின் கடைசியிலேயே செய்திருக்கிறார். அதை உச்சத்துக்குக் கொண்டுபோனவர் நியூகாஸில் ஊரின் மார்க் ரிச்சர்ட்ஸ். 1979 முதல் 1982 வரை தொடர்ந்து நான்கு உலகப் பட்டம், இரட்டை ஃபின் பலகையில். பலகையைச் சாய்த்து ஓரத்தில் திருப்பும்போது நடுவில் இருக்கும் ஒற்றை ஃபின் தண்ணீரைவிட்டு மேலெழப் பார்க்கும். ஓரத்தருகே இருக்கும் ஃபின் ஆழமாக இருக்கும். அதனால் திருப்பம் வேகம். ஆனால் பின்னால் பிடிப்பதற்கு ஒன்றுமில்லாததால் பெரிய அலையில் வால் நழுவும். ரிச்சர்ட்ஸ் அதைச் சமாளித்தார். எல்லாராலும் முடியவில்லை.

சமாளிக்க முடியாதவர்களில் ஒருவர் எங்கள் பக்கத்து நாரபீன் கடற்கரைக்காரர் சைமன் ஆண்டர்சன். உயரமான, கனமான மனிதர். இரட்டை ஃபின் அவர் எடைக்கு நிலைகொள்ளவில்லை. 1980 அக்டோபரில், ஃப்ராங்க் வில்லியம்ஸ் என்பவரின் இரட்டை ஃபின் பலகையில் வாலோரம் ஒட்டியிருந்த சின்ன அரைவட்டத் துண்டைப் பார்த்தார். பலகை நிலையாக ஓட அது உதவுகிறது என்று கேட்டதும், அந்தத் துண்டுக்குப் பதிலாக முழு அளவில் மூன்றாவது ஃபின் போட்டால் என்ன என்று தோன்றியது. அதுவே த்ரஸ்டர். 1981-இல் ஆஸ்திரேலியாவின் பெல்ஸ் கடற்கரைப் போட்டியில், மிகப் பெரிய அலைகளில் அந்தப் பலகையோடு வென்றார். அதே வருடம் சிட்னியில் ஒன்று, ஹவாயில் பைப்லைன் மாஸ்டர்ஸ் ஒன்று. சீக்கிரமே உலகம் முழுவதும் மூன்று ஃபின் ஆனது. இன்று வரை அதுவே பொதுவழக்கு. அவர் காப்புரிமை வாங்கவில்லை. கலிபோர்னியாவின் ஆக்ஸ்நார்டில் கேம்பல் சகோதரர்கள் 1970-களின் தொடக்கத்திலேயே ‘பான்சர்’ என்று மூன்று ஃபின் பலகை செய்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் நியாயம். அதில் பக்க ஃபின்கள் நீண்டு தாழ்ந்த சின்னக் கீல்கள், வேலை வேறு.

த்ரஸ்டரில் மூன்று என்பதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது பக்க ஃபின்களின் குறுக்குவெட்டு. நடுவில் இருப்பதற்கு இரண்டு முகமும் ஒரே வளைவு. பக்கத்தில் இருப்பவற்றுக்கு உள்முகம் தட்டை, வெளிமுகம் மட்டும் வளைவு. வலப்பக்கம் திரும்பும்போது வலது ஃபின்தான் ஆழத்தில் வேலை செய்கிறது. அதன் வளைந்த வெளிமுகத்தில் அழுத்தம் குறைந்து, பலகையை வலப்பக்கமே இழுக்கிறது. திரும்புகிறவர் போக நினைக்கும் திசைக்கே விசை கிடைக்கிறது. இதோடு இரண்டு நுணுக்கம். ஃபின்னை நேர்செங்குத்தாக நிறுத்தாமல் 5 முதல் 8 டிகிரி வரை வெளியே சாய்த்து வைப்பார்கள், பலகை சாயும்போது அது தண்ணீரில் கிட்டத்தட்ட நேராக நிற்கும். முன்பக்கத்தை மூக்கு நோக்கிக் கால் அங்குலம் போல உள்ளே திருப்புவார்கள். இந்த உள்திருப்பு கூடினால் பலகை சட்டென்று திரும்பும், நேர் ஓட்டத்தில் வேகம் கொஞ்சம் குறையும். வாலிலிருந்து 11 அங்குலம் போல முன்னால் பக்க ஃபின்கள், 3, 3½ அங்குலத்தில் நடு ஃபின். பலகை செதுக்கும் ஷேப்பருக்கு ஷேப்பர் இது கால் அங்குலம் முன்பின் போகும். அந்தக் கால் அங்குலத்துக்காக அவர்கள் சண்டையே போடுவார்கள்.

இழைத்த ஃபின்னின் உள்முகம் தட்டையாக வருவதும் லேசான வேலை இல்லை. இறுகும்போது பாளம் கொஞ்சம் கோணியிருந்தாலும் தட்டை தட்டையாக இராது. மட்டப்பலகையை வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் கீழே ஒளிக்கீற்று ஊடுருவும். அது போகும் வரை தேய்க்க வேண்டும்.

விசித்திரமான முயற்சிகளும் நடந்தன. 1983-இல் ஆஸ்திரேலியா II என்ற பாய்மரப் படகு, இறக்கை வைத்த கீலோடு அமெரிக்காஸ் கோப்பையை வென்றது. அதன் வடிவமைப்பாளர் பென் லெக்சனின் உதவியோடு ஷெய்ன் ஹோரன் தன் பலகைக்கும் இறக்கை வைத்த ஃபின் போட்டுப் போட்டிகளில் ஓட்டினார். எடுபடவில்லை. ஆனாலும் உலகத் தரவரிசையில் பலமுறை இரண்டாம் இடம் வந்த ஒருவர் தன் பெயரையே பணயம் வைத்துத் தண்ணீரில் சோதித்துப் பார்த்ததை நான் மதிக்கிறேன். கூன்முதுகுத் திமிங்கிலத்தின் துடுப்பில் முன் விளிம்பு மேடும் பள்ளமுமாக இருக்கும். 2004-இல் அதன் மாதிரியைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்தபோது, ஓட்டம் பிரியும் சாய்வு ஏறக்குறைய 40 சதவீதம் தள்ளிப்போனது தெரிந்தது. அதற்குப் பிறகு மேடு வைத்த ஃபின்களும் வந்திருக்கின்றன. சிட்னிக்குத் தெற்கே வொல்லொங்காங் பல்கலைக்கழகத்தில் முப்பரிமாண அச்சில் ஃபின் செய்து, அலையேறிகளிடம் கொடுத்து ஓட்டிப் பார்த்தார்கள். இழைக்கும் கையால் ஒரே மாதிரி பத்து செய்வது கடினம். அச்சால் ஒரே ஒரு அளவை மட்டும் மாற்றிப் பத்து செய்ய முடியும். ஆராய்ச்சிக்கு அது பெரிய கொடை.

பலகையோடு நிரந்தரமாக ஒட்டிய ஃபின்கள் 1990-களில் குறையத் தொடங்கின. ஆஸ்திரேலியாவின் எஃப்சிஎஸ், கலிபோர்னியாவின் ஃப்யூச்சர்ஸ் என்று கழற்றி மாட்டும் முறைகள் வந்தன. ஒட்டிய ஃபின்னில் அடியைச் சுற்றிக் கண்ணாடி நூல் வைத்து மென்மையான வளைவாகப் பூசியிருப்பார்கள். தண்ணீர் அந்த மூலையில் சிக்காமல் போகும். கழற்றும் ஃபின்னில் அது கிடையாது. ஆனாலும் கழற்றும் முறை வந்தது நல்லதே என்பதுதான் என் முடிவு. விமானத்தில் பலகை கொண்டுபோகிறவர்களுக்கு லாபம் என்பது ஒருபுறம். அதே பலகையில், அதே நாளில், ஃபின்னை மட்டும் மாற்றி ஓட்டிப் பார்க்கலாம் என்பதால்தான் ஃபாயில் என்றால் என்ன என்று சாதாரண ஆளுக்கும் காலில் தெரிய வந்தது.

அச்சில் வார்த்த ஃபின்கள் எல்லாம் மோசம் என்று பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. உள்ளே தேன்கூட்டு அறை வைத்து, அழுத்தத்தில் ரெசின் ஏற்றி வார்த்தவை எடை குறைந்து நன்றாகவே ஓடுகின்றன. அவற்றின் அச்சுக்கு மூலமாக யாரோ ஒருவர் ஒழுங்காக வகுத்த ஃபாயில் இருக்கிறது. மோசம் என்றால், மலிவான பலகையோடு இலவசமாக வரும் மெத்துப் பிளாஸ்டிக்தான். ஓரம் முழுக்க மொண்ணை, உயரம் முழுக்க ஒரே தடிமன். பயிற்சிப் பலகைக்குப் பரவாயில்லை, யாருடைய காலையும் கிழிக்காது. அதைத் தாண்டியும் அதே ஃபின்னோடு ஓட்டிக்கொண்டு, பலகை சரியில்லை என்று விற்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வருத்தமாக இருக்கும்.

செங்கல்பட்டு மாவட்டக் கோவளத்தில் அலையேறும் என் சித்தி மகனின் பலகையும் அப்படித்தான். போனில் பேசிக்கொண்டிருந்தபோது, “நீயே ஒண்ணு செஞ்சு பாரேன்டா” என்றேன்.

“இங்க யாருண்ணா ஃபின் செய்யுறாங்க?”

“ஃபின் செய்ய மாட்டாங்க. ஆனா ஃபைபர் போட்டு ஒட்டுறவங்க இருக்காங்கல்ல?”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு “ஆமாண்ணா” என்றான்.

கட்டுமரம் போய் ஃபைபர் படகு வந்து, 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாகவும் அவை வந்து குவிந்து, நம் கடற்கரைக் குப்பங்களில் ஃபைபர் வேலை தெரிந்த கைகள் நிறைய. உடைந்த படகு ஓரத்துக்குத் துணி வெட்டிப் போட்டு, ரெசினை இறுகவைக்கும் ஹார்டனர் கலந்து, வெயிலுக்குத் தக்கபடி அளவைக் குறைத்துக் கூட்டி, குமிழி இல்லாமல் உருட்டி எடுப்பார்கள். சென்னை வெயிலில் ரெசின் எத்தனை நிமிடத்தில் இறுகும் என்று ப்ரூக்வேல் பெரியவருக்குத் தெரியாது, அவர்களுக்குத் தெரியும். பாளம் போடும் வேலை முழுவதும் அவர்கள் கையில் ஏற்கெனவே இருக்கிறது. புதிதாகக் கற்க வேண்டியது இழைப்பு மட்டுமே.

ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொன்னேன். படகுக்குப் போடும், நூல் சிதறிக் கிடக்கும் மேட் வேண்டாம், நெய்த கிளாத் கேட்டு வாங்கு. மேட்டில் அடுக்குகள் ஒன்றோடொன்று கலந்துவிடும், கோடு தெளிவாக விழாது. கோடு இல்லையென்றால் புதிய கைக்கு வழி தெரியாது. ஒற்றை ஃபின்னில் தொடங்கு, இரண்டு முகமும் ஒரே வளைவு. பக்க ஃபின் பிறகு.

அவன் தெருவில் படகு ஒட்டும் அண்ணன் ஒருவர் பாளம் போட்டுக் கொடுத்திருக்கிறார், காசு வாங்கவில்லையாம். அறுத்து, பாதி இழைத்துப் படம் அனுப்பினான். இடது முகத்தில் கோடுகள் அழகாகப் படிந்திருந்தன. வலது முகத்தில், அடியிலிருந்து நான்கு விரல் மேலே, மூன்று கோடுகள் சேர்ந்து உள்ளே நெளிந்திருந்தன. அங்கே இனி கிரைண்டர் வைக்காதே, சுற்றிலும் இறக்கி அந்த மட்டத்துக்குக் கொண்டுவா, கையால் மட்டும் என்று பதில் போட்டேன். நேற்று ராத்திரி அடுத்த கேள்வி வந்திருக்கிறது: பின் விளிம்பை எவ்வளவு மெல்லிசாக்கலாம்? ஒரு மில்லிமீட்டரில் நிறுத்து, அதற்குக் கீழே போனால் மணலில் பட்டதுமே சில்லு சில்லாகப் பெயரும், ஆளையும் அறுக்கும், இடது முகத்தில் மட்டும் கடைசியாக ஒரு சாய்வு கொடு என்று எழுதியிருக்கிறேன்.